கொடி எங்கள் பக்கம் பறந்தது

பெப். 1, சனி

காலையிலேயே முப்பத்தெட்டு பாகை. குவேக்கர்ஸ் ஹில் மைதானத்துப் புல் காய்ந்து காலில் குத்துகிறது. கொண்டுபோனவை: ஐஸ் பெட்டி, வெட்டின தோடம்பழம், மடக்குக் கதிரை இரண்டு. தொப்பியை மறந்தேன். மண்டை இன்னும் காய்கிறது.

ஆரணி ஹோம் ரன் அடித்தாள். பந்து இடது பக்க வேலிக்கு மேலால் போய், கார்கள் நிற்கிற இடத்தில் விழுந்தது. பதினாறு வயதுக்குட்பட்டோர் பேஸ்போல் அணியில் பெண் பிள்ளைகள் இரண்டே பேர். அதில் ஒருத்தி என் மகள். இந்த சீசனில் பையன்கள் ஒருவர்கூட வேலியைத் தாண்டவில்லை.

ஆட்டம் முடிந்து கன்ரீன் நிழலில் வழக்கமான கச்சேரி. ரெஜி அங்கிள், சிவம், நான். அங்கிள் மன்னார்க்காரர், இளைப்பாறியவர். பேரன் விளையாட்டை விட்டு மூன்று வருடம், இவர் விடவில்லை. காலையில் அமெரிக்க ஆட்டம் பாராமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார். சிவம் ஹோம்புஷிலிருந்து வருகிறவன், கிரிக்கெட் பைத்தியம். அணியிலுள்ள மற்றப் பெண் பிள்ளை அவன் மகள்.

"புழுக்கமெண்டா காத்து பாரம். பந்து தூரம் போகாது," என்றான் சிவம்.

"அது உன்ர கிரிக்கெட்டில. இஞ்ச வெக்கைக்குத்தான் பந்து பறக்கும். ஏன் எங்களுக்குள்ள அடிபடுவான்? ஏசிக்காரனைக் கேப்பம்," என்றார் அங்கிள்.

ஏசிக்காரன் நான். இருபது வருடமாகக் குளிரூட்டி பழுதுபார்க்கிறேன். காற்றைப் பற்றி நான் சொன்னால் இங்கே மறுபேச்சு இல்லை. ஈரக்காற்று பாரமில்லை, இலேசு என்றேன். சூடான காற்றும் இலேசு. ஆனால் அதெல்லாம் கொஞ்சத் தூரத்துக்குத்தான், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதே பெரிய விசயம் என்றேன். அவ்வளவும் சரி. அதோடு வாயை மூடியிருக்கலாம்.

கோச் டெபி வந்து என் தோளில் தட்டினார். ஆரணியின் அடியைப் பற்றி ஆகா ஓகோ என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிவத்தின் மகள் இன்று மூன்று முறையும் அவுட்.

"ஜஸ்ட் த விண்ட்," என்றேன் டெபியிடம். சிவத்திடம் தமிழிலும் சொன்னேன்: "காத்துத்தான் தூக்கிக்கொண்டு போனது மச்சான். இண்டைக்கு ஆர் அடிச்சாலும் போயிருக்கும்."

ஆரணி ஐஸ் பெட்டிக்குள் தண்ணீர்ப் போத்தல் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டடி பின்னால்.

இன்னும் ஒன்று உண்டு. எழுத மனமில்லை.

பெப். 2, ஞாயிறு

வெக்கை குறையவில்லை. எங்கள் வீட்டு ஏசியின் வடிகட்டி கழுவினேன். ஊரார் வீட்டு ஏசியெல்லாம் பளபளப்பு, நம் வீட்டில் ஒரு விரல் தூசி.

ஆரணி பத்து மணி வரை அறையை விட்டு வரவில்லை. அந்தப் பந்தை நேற்று டெபி தேடி எடுத்துவர, அணியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அது சப்பாத்துத் தட்டில் கிடந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். திரும்ப வந்து பார்த்தால் மறுபடி சப்பாத்துத் தட்டில்.

மனைவி வசந்தி குசினியில் நின்று தொடங்கினாள். "பிள்ளை அடிச்சதை அடிச்சதெண்டு சொன்னா உங்களுக்கு வாய் வெந்துபோடுமோ?"

"நாலு பேருக்கு முன்னால சொல்லி நாவூறு பட்டிடுமெண்டுதான்."

"ஊராற்ற கண் ஒண்டும் படேல்லை. உங்கட வாய்தான் பட்டது."

 நான் வளர்ந்த வீட்டிலும் இப்படித்தான். நான் கணிதத்தில் முதலாவதாக வந்தபோது அப்பா வந்தவர்களிடம், வினாத்தாள் இலேசு என்றார். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருந்தும் அதையே செய்தேன்.

நேற்று எழுதாததை எழுதிவிடுகிறேன். கன்ரீன் கூரையில் கழகக் கொடி உண்டு. ஆரணி அடித்தபோது அது எங்கள் பக்கம் பறந்தது. அதாவது காற்று வேலிப் பக்கமிருந்து அவள் முகத்துக்கு நேரே அடித்தது. எதிர்க்காற்றில் அடித்து வேலியைத் தாண்டினாள். கொடியை நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் சொன்னேன்.

பெப். 4, செவ்வாய்

பிளக்டவுனில் ஒரு கூரை, ஹோம்புஷில் ஒரு கூரை. கம்பிரசர் மாற்றினது ஒன்று. உள்ளங்கையில் கொப்புளம்.

பின்னேரம் ரெஜி அங்கிள் ஃபோன். "தம்பி, வட்டார அணித் தெரிவுக்குப் போற பட்டியலில ஆரணியின்ர பேரைக் காணேல்லை. என்ன நடந்தது?"

எனக்குத் தெரியாது. டெபிக்கு ஃபோன் அடித்தேன். பெயரைப் போட்டிருந்தாராம், ஆரணியே நேற்றுப் பயிற்சியில் வந்து எடுக்கச் சொன்னாளாம். ஏனென்று கேட்டதற்கு, அந்த அடி காற்றால் போனது, அப்பாவுக்குக் காற்றைப் பற்றித் தெரியும் என்றாளாம்.

வெள்ளி வரை நேரம் உண்டு. அவளே திரும்பப் போடச் சொன்னால்தான் போடுவாராம்.

காருக்குள் எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. வெட்கம். வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

பெப். 5, புதன்

சொல்ல நினைத்தேன். சொன்னவை:

சாப்பிட்டியா.
ஹோம்வேர்க் முடிஞ்சுதா.
உன்ர சப்பாத்தைக் கழுவட்டோ.

சப்பாத்து கழுவினேன்.

பெப். 6, வியாழன்

முகில். கொஞ்சம் குளிர்ச்சி. ஸ்ரேசனில் ஆரணியை ஏற்றினேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது சொல்லிவிட்டேன். ஓடும்போது சொன்னால் பாதியில் விழுங்கிவிடுவேன் என்று தெரியும்.

"சனிக்கிழமை காத்து உனக்கு எதிராத்தான் அடிச்சது. கொடி எங்கட பக்கம் பறந்தது."

காதிலிருந்ததைக் கழற்றினாள். "நீங்க பாத்தனீங்களா?"

"ஓம்."

"அடிக்கேக்கயே?"

"ஓம்."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தான். இரண்டு தெரு தாண்டிய பிறகு கேட்டாள்.

"தென் வை, அப்பா?"

"எல்லாரும் என்னைப் பாத்தினம். பெருமை தாங்கேல்லை. அது முகத்தில தெரிஞ்சிடுமெண்டு வெக்கம். சிவம் மாமாவும் பக்கத்தில நிண்டவர்."

கேட்கவே கேவலமாக இருந்தது. அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஏசி வேலை செய்யிற ஆள் நீங்க. ஐ பிலீவ்ட் யூ."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

பெப். 7, வெள்ளி

வேலையில் ஒரே ஒரு வீடு. அதிலும் தவறான வடிகட்டி கொண்டுபோனேன். மூன்று மணிக்கு ரெஜி அங்கிளின் செய்தி: "பேர் போட்டாச்சு." வசந்திக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு ஆரணி சொல்லவில்லை. சொல்லவேண்டுமென்று எதிர்பார்க்க எனக்கு முகம் இல்லை.

பெப். 8, சனி

தெற்குக் காற்று, தூறல், பத்தொன்பது பாகை. போன சனி வெந்த மைதானம் இன்று சேறு. தொப்பி கொண்டுபோனேன், தேவைப்படவில்லை.

ஆட்டம் தொடங்கமுதல் கன்ரீன் வாசலில் சிவமும் அங்கிளும். சிவம் ஆரம்பித்தான்: "இண்டைக்கு இந்தக் குளிருக்கு ஒண்டும் பறக்காது."

"போன கிழமை ஆரணி அடிக்கேக்க காத்து எதிர்ப்பக்கம்தான்," என்றேன். டெபியும் கோப்பிக்கு நின்றார். அவருக்காக ஆங்கிலத்திலும் சொன்னேன். கொடியை நான் பார்த்தேன், தெரிந்துதான் பொய் சொன்னேன், அது பிள்ளையின் சொந்த அடி என்று. குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. கோப்பி ஊற்றுகிறவர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

டெபி "ஐ நோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சிவம் என் பக்கம் திரும்பினான். "என்ர பிள்ளை அவுட்டானதுக்காகவோ சொன்னனீ?"

"அதுவும் தான்."

"உந்தப் பரிதாபம் எங்களுக்கு வேண்டாம் மச்சான்." போய் வேறு பக்கம் கதிரை போட்டான். நியாயம்தான். இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாயால் சிறுமைப்படுத்தியிருக்கிறேன்.

அங்கிள் மட்டும் நின்றார். "கொடியை நானும் பாத்தனான் தம்பி."

"பிறகேன் அங்கிள் ஒண்டும் சொல்லேல்லை?"

"பெத்தவன் சொல்லேக்க நான் என்னெண்டு மறுக்கிறது?"

மழை விட்டது. நாலாவது ஆளாக ஆரணியைக் கூப்பிட்டார்கள். நான் வேலியோரம் போய் நின்றேன், கைதட்ட, இன்றைக்காவது சத்தமாக. அவள் ஹெல்மட்டைச் சரிசெய்தாள். மட்டையை எடுத்தாள். நிற்கிற இடத்துக்குப் போகுமுன் திரும்பி, கன்ரீன் கூரையிலிருந்த கொடியைப் பார்த்தாள்.

முன்பு அவள் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.