மியூட் மாட்டிய வயலின்

செவ்வாய்க்கிழமை, மார்ச் 11. கள்ளிக்குப்பம்.

மாலையில் மகள் நான்சியுடன், கச்சேரிக்கான ரஷ்ய சொனாட்டா இசைப்படைப்பின் முதற்பகுதியை வாசித்துப் பார்த்தேன். அவள் வயலின், நான் பியானோ. அதன் இறுதியில் வயலினுக்கு ஒலியை அடக்கும் மியூட் மாட்டி, கல்லறைத் தோட்டத்தில் காற்று ஓடுவதுபோல் மிக மெல்ல, மிக வேகமாக வாசிக்க வேண்டும். அந்த இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள் என்று எண்ணிக் கையை எடுத்தேன்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"நீங்கதாம்பா நிறுத்தினீங்க. நான் வாசிச்சிட்டுதான் இருந்தேன்."

நடுவில் நிறுத்தியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. அவளையே மன்னிப்புக் கேட்க வைத்தேன். சிரித்தபடியே கேட்டாள்.

இரண்டாம் முறை அவளுடைய வில்லையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். வில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பியானோ மட்டுமே கேட்டது.

சமையலறையிலிருந்து என் மனைவி ஸ்டெல்லா, "அவ வாசிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது. பக்கத்துல உக்காந்துகினு உங்களுக்குக் கேக்கலையா? காத எங்க அடகு வெச்சீங்க?" என்றாள். நானும் சிரித்து வைத்தேன்.

"இப்ப சரியாப்பா?"

"சரிம்மா."

ஞாயிறன்று தேவாலய அரங்கில் வாசிக்கிறோம். சொன்னால் அவளுடைய முதல் கச்சேரி நின்றுவிடும். சொல்லாவிட்டால் எல்லார் முன்னிலையிலும் அவளை நடுவில் விட்டுவிடுவேன். மருத்துவரிடம் போனால் அவர் என்ன சொல்வாரோ.

அவள் அறைக் கதவின் கீழ் இன்னும் வெளிச்சம் தெரிகிறது. வாசிக்கிறாளா, சும்மா இருக்கிறாளா என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்க அச்சமாக இருக்கிறது.