குசினிக் கதவின் உட்பக்கம்

நெடுந்தீவு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெயந்தாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் அம்மாவும் எழும்பி நடமாடுகிறோம். அந்தக் குளிரிலும் நீயும் மருமகனும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஓம் பிள்ளை, நான்தான் எழுதுகிறேன், வேறு ஒருவருடைய கையும் இதில் இல்லை. வியாழக்கிழமை தொடங்கினேன், இன்று ஞாயிறு. எழுபத்தாறு வயது வரைக்கும் பெருவிரலை மையில் தோய்த்த மனிசன் பேனை பிடித்திருக்கிறேன் என்று நினைக்க எனக்கே சிரிப்பு வருகிறது. சிரித்து முடியமுன் வேறொன்றும் வருகிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் ஒன்று, அம்மா சமைக்கிற குசினிக்கு நீ ஒழுங்கு செய்த புதுக் கதவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபிக்காமல் கடைசி வரை வாசி.

மாசி மாதம் ஜசிந்தா ரீச்சர் என்று இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் புங்குடுதீவிலிருந்து வந்து வீடு வீடாகப் பேர் எழுதினார். எங்கள் பிலிப்புவைப் போன்ற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் சம்பளம் வாங்காமல் எழுத்துப் பழக்கப் போகிறாராம். டவுண் சின்ட்ரோம் என்று அதற்குப் பேர் இருக்கிறதாம், நாங்கள் மந்தம் என்று சொல்லி மூடிவிட்டோம். இந்த வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை என்று கேள்விப்பட்டேன், பேர் என்ன என்று கேட்டார். உன் அண்ணன் கண்மூடி இருபத்தெட்டு வருசம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பிலிப்பு என்று மட்டும் வந்தது. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனி உண்மையைச் சொல்லத்தான் போனேன். அதற்குள் இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிடத் தொடங்கிவிட்டார். பிலிப்பு என்றார், திரும்பவும் பிலிப்பு என்றார். பொறுக்கமாட்டாமல் ஓம் என்று எழும்பிவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் அழுது சொன்னேன். அவர் பேரை வெட்டவில்லை. "அப்ப அந்தக் கதிரையில நீங்களே இருங்கோ ஐயா" என்றார். பக்கத்துக் கதிரை அஞ்சலாவுக்கு இருபத்திரண்டு வயது, பிலிப்புவின் அதே கண், அதே கட்டையான விரல்கள், என்னிலும் வேகமாக வாசிப்பாள். "அப்பு, இண்டைக்கும் வீட்டுப்பாடம் செய்யாமலோ வந்தனீங்கள், வெக்கமில்லையோ" என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கேட்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு சனியும் ஓம் சொல்லி எழும்பும்போது என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கதிரை இழுபடும் சத்தம் கேட்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிலிப்புவை யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறோம் என்று கன்னியாஸ்திரி ஒருவர் வந்து கேட்டதும், ஊர் சிரிக்கும், அவனுக்கு என்னத்துக்கு எழுத்து என்று நான் அனுப்பாமல் விட்டதும் உனக்குத் தெரியும்.

போன செவ்வாய் தச்சுவேலைச் சஞ்சீவன் கதவு மாற்ற வந்தான். இத்தனை நாளும் அம்மா ஏதேதோ சாட்டுச் சொல்லி அவனை மறித்தவள், அன்று கோயிலுக்குப் போயிருந்தாள். அவன் பழைய கதவைக் கழற்றி முற்றத்தில் வெயிலில் கிடத்தினான். உட்பக்கம் கீழே ஆணியால் கீறின கீறல்கள். அவற்றை எனக்குத் தெரியும், அந்தக் கதவு போட்ட கிழமை பிலிப்பு கீறினவை. நான் தொழில் முடித்துக் கடலால் வந்து படியேறமுன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சிரித்துச் சிரித்து என் விரலை அதில் வைத்துத் தேய்த்தான். புதுக் கதவைப் பாழாக்கிவிட்டான் என்று அடித்தேன். அந்தச் சோளகக் காற்றுக் காலத்திலேயே காய்ச்சல் வந்து, ஆசுபத்திரிக்குப் போக வள்ளம் ஓடாத நாளாகப் பார்த்துப் போய்விட்டான். இப்போது ரீச்சர் பழக்கினபடி விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். முதல் எழுத்து சரிந்து கிடந்தது. அப்பா என்று இருந்தது, பிள்ளை.

அம்மா வந்தபோது நான் முற்றத்தில் கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், அன்றே வாசித்திருக்கிறாள். பாலன் பிறக்கிற நத்தாருக்கு நத்தார் வீடு முழுக்கப் பெயின்ற் அடித்தாலும் அந்தக் கதவைத் தொட விடாதது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்டைக்கே சொல்லியிருந்தால் அடிச்ச கையோட எப்பிடிச் சீவிச்சிருப்பியள்" என்றாள்.

அவனுக்கு அந்தச் சொல்லைப் பழக்கினது யார்? அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது, நீதான் என்று நினைக்கிறேன். எனக்குச் சொல்லப் பயந்திருப்பாய், அது உன் பிழையில்லை. எத்தனை நாள் பிடித்தது, எதை வைத்து எழுதப் பழகினான், முதல்முறை சரிவந்தபோது சிரித்தானா, எல்லாம் எனக்கு வேண்டும். டெலிபோனில் சொல்லாதே. எழுதி அனுப்பு, நான் வாசிக்க வேண்டும்.

கதவு திரும்பவும் தன் இடத்தில் நிற்கிறது, உக்கின அடிக்குச் சஞ்சீவன் எழுத்து மறையாமல் ஒரு பலகை வைத்துத் தந்தான். பேத்திக்குத் தமிழ் எழுத்துப் பழக்கு, சுவரில் கீறினால் முதலில் கிட்டப் போய்ப் பார். உங்கள் மூவரின் தலையிலும் என் கையை வைத்து ஆசீர்வதிக்கிறேன், இப்போது வைக்கலாம் என்று நினைக்கிறேன். கீழே உள்ள சொல்லைக் குசினிக்குள் இருந்து கதவைப் பார்த்தே எழுதுகிறேன். முதல் எழுத்து சரிந்திருந்தால் திருத்தாதே, அவன் எழுதினது அப்படித்தான்.

அப்பா