மண்ணெண்ணெய் மணம் வந்த காலை

இன்று காலை பக்கத்து வளவில் குப்பை கொளுத்த மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மணம் வேலி தாண்டி வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள்மேல்தான். கட்டின என்னைத் தனியே விட்டு நீங்கள் போய் ஒரு மாரிகாலமும் முடிந்துவிட்டது. நான் இன்னும் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்போது யுத்தத்தால் ஊருக்குள் எண்ணெய் வராத பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெயைப் பொன்னாய்ப் பொத்தி வைத்திருந்தோம். "ஊத்தினால் சிந்தும்" என்று, எண்ணெய்க் கானுக்குள் குழாயை விட்டு வாயால் உறிஞ்சித்தான் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு எடுப்பீர்கள். புரையேறும். துப்பிவிட்டுச் சிரிப்பீர்கள்.

பிறகுதான் அந்த இருமல். எக்ஸ்ரே படத்தில் நெஞ்சுக்குள் ஒரு நிழல். ஊசியால் எடுத்த சதையைக் கண்ணாடித் துண்டில் தடவி, கரண்ட் இல்லாததால் யன்னல் வெயிலில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்த டாக்குத்தர் அம்மா, புற்றுநோய் போலத்தான் தெரிகிறது, கொழும்புக்குப் போகவேண்டி வரும் என்றார். ஊரே உங்கள் சுருட்டைத் திட்டியது. நானும் கட்டோடு தூக்கி அடுப்பில் போட்டேன்.

நீங்கள் அழவில்லை. அடுத்த நாள் விடியவே என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனீர்கள்.

"இஞ்சேரும், நான் இல்லாட்டிலும் வெங்காயம் வாடக்கூடாது. மெசினைப் பழகும்."

குழாயை என் கையில் தந்தீர்கள். முதல் இழுவையிலேயே தொண்டை, மூக்கெல்லாம் எரிந்தது. முதுகைத் தட்டிவிட்ட உங்கள் கண் கலங்கியிருந்தது. "எண்ணெய் மணத்தாலை" என்றீர்கள். நம்பியதுபோல் இருந்தேன்.

கொழும்புப் பயணம் பற்றிக் கதைக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது இருமியது நான்தான்.

"உங்களுக்கும் இருமலோ?"

என் வாய் சும்மா இருக்குமா? "ஓம் டாக்குத்தர், இவர் போறதுக்கு முந்தி என்னையும் மண்ணெண்ணெய் குடிக்கப் பழக்கிறார்!"

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "வாயாலையோ உறிஞ்சிறவர்? கனகாலமாவோ?"

எழுந்து போய் அந்தக் கண்ணாடித் துண்டை மறுபடி பார்த்தார். திரும்பி வந்தபோது குரலே மாறியிருந்தது.

"எண்ணெய் சுவாசப்பைக்குள்ளை போய்ப் புண்ணாக்கியிருக்கு. அந்தப் புண் ஆறேக்கை சதையிலை உள்ள கலங்கள் பெருத்து, புற்றுநோய்க் கலம் மாதிரியே நிக்கும். எண்ணெயை விழுங்கின கலங்களும் கிடக்கு. உறிஞ்சிறதை விடுங்கோ. கொஞ்சம் பொறுத்துப் படம் எடுத்துப் பாப்பம், பிறகு கொழும்பு."

அந்தக் காத்திருப்பை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது. அடுத்த படத்தில் நிழல் பாதியாயிற்று. அதற்கடுத்ததில் தேடவேண்டியிருந்தது. வீடு திரும்பும் வழியில் சைக்கிளை நிறுத்தி, மதகில் குந்தியிருந்து, அப்போதுதான் வாய்விட்டு அழுதீர்கள். நான் முதுகைத் தட்டினேன்.

"எண்ணெய் மணத்தாலையோ?" என்று கேட்டேன். அழுகையோடு சிரித்தீர்கள், பாருங்கோ, அந்தச் சிரிப்பு எனக்குப் போதும்.

பிறகு முதுமைவரை இருந்து, நித்திரையில் போனீர்கள். இப்போது கிணற்றடியில் கரண்ட் மோட்டர். சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் வருகிறது. ஆனாலும் என்ரை ராசா, நீங்கள் இல்லாமல் நான் வாழ வேண்டுமென்று கையில் தந்த அந்தக் குழாய்தான் உங்களை இவ்வளவு காலம் எனக்கு வைத்துத் தந்தது.

இன்றும் இறைத்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். வெங்காயம் வாடவில்லை.