கறுப்புத் திரையை விலக்கி நகமளவு முடுக்கியை முழுமையாகக் காட்டக் கோரும் மனு

அனுப்புநர்:
முதுநிலை ஆய்வாளர்,
சிறு துகள் முடுக்கி ஆய்வகம்.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
அறிவியல் ஆய்வுத் துறை.

பொருள்: பொதுமக்கள் காட்சி நாளில் எங்கள் ஆய்வகம் தரும் தவறான தோற்றத்தைத் திருத்தவும், நோயாளி ஒருவருக்கு உடனடியாக விளக்கக் கடிதம் அனுப்பவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மின்சாரம் கடத்தாத, விரல் நகமளவு கண்ணாடிச் சில்லில் முடியைவிட மெல்லிய பள்ளங்களைச் செதுக்கி, அதன்மீது லேசரைப் பாய்ச்சுகிறோம். சில்லை ஒட்டிச் செல்லும் எலெக்ட்ரான்கள் அந்த ஒளியால் உந்தப்பட்டு ஆற்றல் பெறுகின்றன. மருத்துவமனைக் கதிர்வீச்சுக் கருவிகளில் எலெக்ட்ரான்களை முடுக்கும் நீண்ட உலோகக் குழாய்களின் வேலையை ஒருநாள் சில சென்டிமீட்டரில் முடிக்கலாம் என்பது எங்கள் நம்பிக்கை. அது வீண் நம்பிக்கையல்ல. ஆனால் இன்று எங்களுக்குக் கிடைக்கும் சொற்ப எலெக்ட்ரான்களைக் கொண்டு ஒரு கொசுவுக்குக்கூடச் சிகிச்சை அளிக்க முடியாது.

2. லேசர் கண்ணைக் கெடுக்கும் என்பதால் கருவிகளைச் சுற்றிக் கறுப்புத் திரை இருக்கும். லேசரும் வெற்றிடக் கலனும் பம்புகளும் அறையின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு அதன் பின்னால் நிற்கின்றன. காட்சி நாளில் திரைக்கு முன்னால் ஒரு சிறு மேசை, உருப்பெருக்கி, அதன் கீழ் சில்லு, அவ்வளவே. எங்கள் இயக்குநர் அதைச் சுட்டி, "இதான் மெஷின். இனிமே ஆஸ்பத்திரியில ரூம் சைஸுக்கு எதுவும் வேணாம், சட்டைப் பையில போட்டுட்டுப் போகலாம்" என்றார். கைதட்டினார்கள். கூட்டத்தில் என் தம்பியும் இருந்தார்.

3. தம்பிக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கவிருந்த வாரத்தில் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சின்ன மெஷின் வரும்வரை காத்திருப்பாராம். நான் மறுத்தபோது, "அக்கா, வெந்நீர் சுடுதுன்னு சொன்னாக்கூட நீ தெர்மாமீட்டர் கேக்குற ஆளு. உங்க பெரியவரே சொல்லிட்டாரு, விடு" என்று சிரித்தார். சிரிக்கும்போதே குரல் கம்மிவிட்டது. தள்ளிப்போட அவகாசமில்லை என்கிறார் மருத்துவர்.

4. இயக்குநர் மீது மட்டும் புகார் சொல்ல எனக்கு வாயில்லை. அன்று லேசர் அணைக்கப்பட்டிருந்தது. திரைக்குத் தேவையே இருக்கவில்லை. கதவு திறந்தால் திரையை இழுப்பது எங்கள் பழக்கம். பழக்கத்தில் அதை இழுத்து மூடியது நான். உருப்பெருக்கியின் அருகே வெள்ளை அங்கியுடன் நின்றதும் நான். தம்பி கூட்டத்திலிருந்தபடியே "அப்படியாக்கா?" என்பதுபோல் என்னைப் பார்த்தார். இயக்குநர் பக்கத்தில் இருந்ததால் சில்லின் தூசியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். அதில் தூசி இல்லை. இதை எழுதவே கூசுகிறது.

5. ஆகவே தாங்கள்,
(அ) இனிவரும் காட்சி நாள்களில் லேசரை அணைத்து, திரையை முழுவதும் விலக்கிவைக்க ஆணையிட வேண்டும்;
(ஆ) இக்கருவி இன்று யாருக்கும் சிகிச்சை அளிக்காது என்று, இயக்குநரின் கையொப்பமும் அலுவலக முத்திரையும் இட்ட கடிதம் ஒன்றை இந்த வாரமே என் தம்பிக்கு அனுப்பச் செய்ய வேண்டும்.

காட்சி நாளில் கடமை தவறியதற்காக என்மீது எடுக்கப்படும் நடவடிக்கை எதுவாயினும் ஏற்கிறேன். அது தாமதமாகலாம். கடிதம் தாமதமாகக் கூடாது. அக்கா சொல்வதை அவர் நம்பமாட்டார். நம்பியிருக்க வேண்டிய நேரத்தில் அக்கா எதுவும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
(ஒப்பம்)
முதுநிலை ஆய்வாளர்

இடம்: ஆய்வக வளாகம்
நாள்: அக்டோபர் 14