நான் சொல்லிக்கொடுத்த மோல் கணக்கு

என் தனத்துக்கு,

நேற்று சாயங்காலம் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு முழுக்க ஓடினேன். டீக்கடைக்காரர் கூப்பிட்டு, "இன்னா கோவிந்தா, தையல் நல்லாருக்குதுன்னு ஊருக்குக் காட்டுறியா?" என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். நீ இருந்திருந்தால் வாசலிலேயே பிடித்துத் திருப்பிப் போட்டிருப்பாய். நீ இருந்திருந்தால் நான் ஓடவே வேண்டியிருக்காது.

நம் வசந்தாவைத் தேடித்தான் ஓடினேன். முதலிலிருந்து சொல்கிறேன், பாதியில் எழுந்து வந்துவிடாதே.

நீ கண்ணை மூடிய இந்த நாலு வருஷத்தில் படிப்பெல்லாம் மாறிவிட்டது. பி.யூ.சி.யை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலேயே பிளஸ் ஒன் என்று வைத்திருக்கிறார்கள். நம் பெண் அதில் சயன்ஸ் எடுத்திருக்கிறாள். கெமிஸ்ட்ரியில் மோல் என்று ஒரு பாடம். அது வந்த நாள்முதல் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிடும்போதுகூட இடது கை தரையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். "இது வரலன்னா எனக்கு எதுவுமே வராதுப்பா" என்றாள் ஒருநாள். அன்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து, தூங்குகிறாளா என்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் மூக்கை நுழைத்தேன். நாலு கிராம் ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராக எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது கேள்வி. சமன்பாட்டில் ஹைட்ரஜனுக்கு இரண்டு, ஆக்சிஜனுக்கு ஒன்று என்று போட்டிருந்தது. பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸை இருபது வருஷமாகக் கலக்குகிறவன் நான். அங்கே இது இரண்டு பங்கு, அது ஒரு பங்கு என்றால் தராசில் இரண்டு கிலோ, ஒரு கிலோ. எனக்கா தெரியாது?

"இதுக்கா மண்டைய ஒடச்சிக்கிற? ரெண்டுக்கு ஒண்ணு. அப்ப நாலுக்கு ரெண்டு கிராம். எழுது."

"நெஜமாவாப்பா?"

"பத்தாவது படிச்சவன்டி நான்."

எட்டாவது என்பது உனக்குத் தெரியும். பரீட்சையில் அந்தப் பாடத்துக் கணக்கு ஐந்தையும் அவள் அப்படியே போட்டிருக்கிறாள்.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன், ஐந்து மணியாகியும் வசந்தா வரவில்லை. கூடப் படிக்கிற பக்கத்து வீட்டுச் செல்வி மட்டும் தனியாக வந்தாள்.

"வசந்தா எங்கம்மா?"

"பேப்பர் குடுத்தாங்க மாமா. அவளுக்கு சைபரு. யாரு இப்படி சொல்லிக் குடுத்ததுன்னு சார் கேட்டாரு. எங்கப்பான்னா. கிளாசே சிரிச்சிடுச்சி. மணி அடிச்சதும் என்னக்கூட பாக்காம போயிட்டா."

"அழுதாளா?"

"அழல மாமா. அதான் எனக்கே ஒருமாதிரி இருந்துச்சி."

அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும், தனம்.

உன் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பாளோ என்று ஸ்ரீமுஷ்ணம் பஸ் கண்டக்டரைப் பிடித்தேன். "யூனிபாரம் போட்ட புள்ள எதுவும் ஏறலைங்க" என்றார். லைப்ரரியில் இல்லை. கோயிலில் இல்லை. எதிரே வருகிற பாவாடை தாவணியெல்லாம் அவளாகத் தெரிந்தது. கிட்டே போனால் வேறு யாரோ. பதினாறு வயதுப் பெண்ணை நாலு பேர் பார்க்கச் சிரித்தால் அவள் எங்கே போவாள்? உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லையே.

ஆள் சேர்த்துக்கொண்டு தேடலாம் என்று பீங்கான் கம்பெனிக்கு ஓடினேன். கேட்டிலேயே வாட்ச்மேன் மடக்கினார்.

"எங்கய்யா போன? ஒம் பொண்ணு வந்து ஒன்னக் கேட்டுச்சி. வூட்டுக்குப் போயிட்டாருன்னேன். அப்ப தராசையாவது காட்டுங்கன்னு உள்ள போயி உக்காந்துகினு இருக்குது."

எடை போடுகிற கொட்டகையில் இருந்தாள். தாவணியெல்லாம் வெள்ளைத் தூள். தராசின் ஒரு தட்டில் கரண்ட் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கட்டை இரண்டு, இன்னொன்றில் ஓர் ஊறுகாய் ஜாடி. நான் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கப்பா போயிட்ட? காயிதத்துல காட்டுனா நீ ஒத்துக்க மாட்டன்னு இங்க வந்தா, ஆளக் காணோம். இப்ப சொல்லு. கட்ட ரெண்டு, ஜாடி ஒண்ணு. எண்ணிக்க ரெண்டுக்கு ஒண்ணுதான?"

"ஆமா."

"எடையும் ரெண்டுக்கு ஒண்ணா?"

ஜாடித் தட்டு தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. "இல்ல" என்றேன்.

"அதாம்பா மோலு. அந்த ரெண்டு, ஒண்ணுல்லாம் எண்ணிக்க. மொதல்ல எண்ணணும், அப்பறந்தான் நிறுக்கணும். ஹைட்ரஜன் கட்ட, ஆக்சிஜன் ஜாடி. ஒரு ஜாடி பதினாறு கட்ட கனம். நாலு கிராமுக்கு முப்பத்திரண்டு கிராம் வேணும். நீ ரெண்டுன்னுட்ட. கிளேஸ இப்படிக் கலந்திருந்தா மொதலாளி உன்னயும் சேத்து சூளையில வெச்சிருப்பாரு."

சிரித்தேன். சிரிப்பு இருமலானது. தூசு என்றேன். பிறகு, பத்தாவது இல்லை, எட்டாவதுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்ப்பா. போன வருஷம் என் அல்ஜீப்ராவப் பாத்து, இது எந்த ஊரு பாஷைன்னு கேட்டியே."

"தெரிஞ்சும் ஏன் நான் சொன்னத எழுதின?"

"நீ சொன்னியேன்னுதான்."

அவளைக் காணாத அந்த ஒரு மணி நேரத்தைவிட இந்தப் பதில்தான் என்னை இப்போது பயமுறுத்துகிறது. இன்னும் எதையெதை நான் சொன்னேன் என்பதற்காக அப்படியே எடுத்து வைத்திருக்கிறாளோ? இன்று காலை அவள் "போயிட்டு வரேன்" என்றபோது வாசல்வரை கூடவே போனேன். தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

தனம், உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று இனி அவளிடம் சொல்ல மாட்டேன். மார்க் குறைந்தால் அவளுக்கு முன்னால் நான் முகத்தைத் தொங்கப்போட மாட்டேன். அவள் சொல்லிக்கொடுத்தால் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன், எட்டாவதில் விட்ட இடத்தைப் பிடிக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "எங்கெல்லாம்ப்பா தேடின?" என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டு, லைப்ரரி, கோயிலு என்றேன்.

முதலில் போனது ரயில்வே கேட்டுக்கு. கேட்காரரிடம் என்னவென்று கேட்பது? ஒன்றும் கேட்காமல், தண்டவாளத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், வசந்தாவின் அப்பா,
கோவிந்தன்