துரைக்குச் சாமைத் தாள்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். ரிசப்ஷன் கண்ணாடி வழியே எதிர் மரம்கூடத் தெரியவில்லை. பத்து மணிக்கு சோபா உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். பத்து நாளில் மூன்றாவது முறை.

காரணம் முயல். தங்க வருகிறவர்களின் குழந்தைகள் படம் எடுத்துக்கொள்ள முதலாளி வாங்கிவந்த வெள்ளை முயல். பெயர் துரை. சமையல்கார மணி அண்ணன் வைத்தது. துரைமார் மாதிரி, உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்துவிட வேண்டும், அதனால். கேரட், பிஸ்கட், சிப்ஸ், யாரோ கொடுத்த கேக், எதுவானாலும் தின்கிறது. புழுக்கையும் மூத்திரமும் போவது மட்டும் சோபாவில். இன்று சோபாவில் சென்னைக்காரர் ஒருவரின் பை இருந்தது. அதன் மேலேயே.

முதலாளி கத்தவில்லை. நிதானமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒழுங்கா ஒரே எடத்துல போகலீன்னா கறிக்கடைக்குக் குடுத்துரலாம். இது லாட்ஜும்மா, பட்டி இல்ல."

சமையலறையிலிருந்து மணி அண்ணன்: "கறிக்கடைக்கு எதுக்குங்க, நான் ஒருத்தன் இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். அப்புறம் என் மேலேயே எரிச்சல்.

துரையை என் அறைக்குத் தூக்கி வந்துவிட்டேன். ஸ்டாஃப் அறை, சமையலறைக்குப் பின்னால். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், இப்போது ஒரு முயல்.

நவம்பர் 4, செவ்வாய்

மதியம் கால்நடை ஆஸ்பத்திரி. துரை அட்டைப்பெட்டியில். டாக்டரம்மா வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சொன்னவை:

– கடைவாய்ப் பல் கூராக வளர்ந்திருக்கிறது. காய்ந்த புல்லை மென்றால்தான் தேயும்.
– புழுக்கை களி மாதிரி ஒட்டுவது பிஸ்கட்டால்.
– இனி காய்ந்த புல்தான் சாப்பாடு. கூடக் கொஞ்சம் கீரை. கேரட் என்றைக்காவது ஒரு துண்டு.
– அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தால் உடனே போன். குடல் நின்றுபோகும், உயிருக்கு ஆபத்து.
– துரை பெண்.

கடைசியை மணி அண்ணனிடம் சொன்னேன். "ஏன், பொம்பளத் துரை இருக்கக் கூடாதா?" என்றார். சரிதான்.

பழைய பிளாஸ்டிக் தொட்டி, அடியில் நியூஸ்பேப்பர். துரையின் கக்கூஸ். கட்டில் தலைமாட்டு மூலையில் வைத்தேன். துரை கதவு மூலையில் போனாள்.

நவம்பர் 5, புதன்

மழை. தொட்டியைக் கதவு மூலைக்கு மாற்றினேன். போனில் படித்தது: அது தேர்ந்தெடுத்த மூலையிலேயே வை, நனைந்த பேப்பரைக் கொஞ்சம் உள்ளேயே விடு. துரை என் தலையணையைத் தேர்ந்தெடுத்தாள். தொட்டி திரும்பவும் தலைமாட்டுக்கு.

சேலம் காய்கறி வண்டிக்காரர் வைக்கோல் ஒரு கட்டு கொடுத்தார். துரை முகர்ந்தாள். முன்காலால் தள்ளினாள். பிறகு என்னைப் பார்த்தாள், ரூம் சர்வீஸ் சரியில்லை என்று புகார் சொல்கிறவர்கள் பார்ப்பது போல.

புல் அறுத்துக் காயவைக்கலாம். எங்கே? இந்த மாதத்தில் ஏற்காட்டில் உள்பாவாடையே மூன்று நாளானாலும் காயாது. வெந்நீர் பாய்லர் அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. ஆனால் புகை வாசம். தொடவில்லை. கீரைத் தண்டு மட்டும் உள்ளே போயிற்று.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. லாட்ஜின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட். காப்பிச் செடிகளுக்கு நடுவே புல் முழங்கால் உயரம். வேலி இடுக்கில் கைவிட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். சின்னப்பொண்ணு அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்தார். மஞ்சக்குட்டை கிராமத்துக்காரர். வாரத்தில் பாதி நாள் இங்கே அறைகளைக் கூட்டித் துடைக்கிறார், மீதி நாள் அந்த எஸ்டேட்டில் கூலி.

"கண்ணு, கீழ போடு! மருந்தடிச்ச புல்லு அது."

"பச்சையாத்தானுங்க்கா இருக்குது?"

"நாலு நாள் கழிச்சுப் பாரு, மஞ்சளா நிக்கும். முந்தாநேத்து நாந்தான் அடிச்சேன். டேங்க்கு ஒழுவி முதுவெல்லாம் அதுதான்."

"மாஸ்க்கு, கையுறை எதுவும் தரலீங்களா?"

"துண்டு கட்டிக்கிட்டனே."

"எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர்கிட்டக் கேக்கலாமில்லீங்க?"

"போன வருசம் ஒருத்தி கேட்டா. இப்ப அவ அங்க இல்ல." சிரித்துக்கொண்டே சொல்கிறார். "மொதல்ல கையைக் கழுவு சாமி. சோப்புப் போட்டு."

கழுவினேன். மூன்று முறை.

முயல் அதைத் தின்னக் கூடாது என்று எனக்குப் பதறுகிறது. முயலுக்கு ஒரு டாக்டர், ஒரு போன் நம்பர், பிளாஸ்டிக் தொட்டி. அந்த டேங்க்கை முதுகில் சுமந்து அடிக்கிறவருக்கு ஒரு துண்டு. இங்கே வந்து தங்குகிறவர்கள் பால்கனியில் நின்று கையை விரித்து, எவ்வளவு சுத்தமான காற்று என்கிறார்கள். பால்கனிக்கு நேர் கீழே அந்த எஸ்டேட். யாரைத் திட்டுவது? எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். துரை தானாகத் தொட்டிக்குள் ஏறினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே படுத்துத் தூங்கினாள். எழுந்தாள், வெளியே வந்தாள், தரையில் போனாள். வினிகர் ஊற்றித் துடைத்தேன். அறை முழுக்க ஊறுகாய் வாசம்.

சி. அக்கா எட்டிப் பார்த்தார். "காஞ்ச தீனிதான வேணும்? எங்க ஊட்டுல சாமைத் தாளு கெடக்குது. சாமை அடிச்சு எடுத்துட்டோம், மாட்டுக்குப் போக மிச்சம். ஞாயித்துக்கிழமை வாரப்ப கொண்டாறேன்."

"அதுக்கு மருந்து அடிப்பீங்களா?"

"எங்க காட்டுக்கா? அதுக்குக் காசு ஏது கண்ணு?"

நவம்பர் 8, சனி

காலையில் கீரையைத் தொடவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து புழுக்கையும் இல்லை. உடம்பை உருண்டையாகச் சுருட்டி மூலையில் உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும். டாக்டரம்மாவுக்கு போன். உடனே கொண்டுவா என்றார். ஆட்டோ. ஒரு ஊசி. வாயில் ஊற்ற மருந்து, ஊசி கழற்றிய சிரிஞ்ச். வயிற்றை மெல்லத் தடவிவிடு, சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் என்றார்.

சனிக்கிழமைக் கூட்டம். ஒரு செக்-இன், ஓடிப்போய் வயிற்றைத் தடவல். இன்னொரு செக்-இன், மறுபடி ஓட்டம். என் சட்டையைப் பார்த்து ஒருவர், "உங்க ஹோட்டல்ல நாய் இருக்கா?" இல்லை சார், வெறும் முடி.

நாலு மணிக்கு நாலு புழுக்கை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மணி அண்ணனிடம் காட்டினேன். முகத்தைச் சுளித்தார். அப்புறம் அவரே கொத்தமல்லி இரண்டு தண்டு எடுத்துக் கொடுத்தார். துரை தின்றாள்.

ஆறு மணிக்கு முதலாளி: "என்னம்மா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பழகிருச்சா?"

"பழகுதுங்க சார்." பொய்.

நவம்பர் 9, ஞாயிறு

ஏழு மணி பஸ்ஸில் சி. அக்கா, தலையில் தாள்கட்டு. நான் கவுண்ட்டரில் மாட்டிக்கொண்டேன். அவரே என் அறைக்குப் போனார். தலைமாட்டில் தொட்டியைப் பார்த்தார். தீனித் தொட்டி என்று நினைத்து மொத்தக் கட்டையும் பிரித்து அதில் திணித்துவிட்டார்.

நான் போனபோது துரை அதற்குள், தாள் மேல் உட்கார்ந்து, மென்றுகொண்டு.

"ஐயோ அக்கா, அது கக்கூஸுங்க!"

"எது?"

"அந்தத் தொட்டி."

"கக்கூஸையா தலைமாட்டுல வெச்சுத் தூங்குற?"

இரண்டு பேரும் நின்று பார்த்தோம். முன்பக்கம் தாள் ஒவ்வொன்றாக உள்ளே போனது. பின்பக்கம் புழுக்கை விழுந்தது, உலர்ந்து, உருண்டையாக. பிறகு மூத்திரமும். தொட்டியை விட்டு இறங்கவே இல்லை.

"கட்டுத்தரையில மாடு என்ன பண்ணுது? தின்னுக்கிட்டேதான போடுது?" என்றார் அக்கா. "தீனிய ஒரு மூலையில, இதை ஒரு மூலையில வெச்சா அது எங்கதான் போவும், பாவம்."

ஐந்து நாளாக போனில் படித்தேன் நான்.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். குனிந்து கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார். தரை காய்ந்திருந்தது. "பரவாயில்லையே. தொட்டியோட ரிசப்ஷனுக்குத் தூக்கிட்டு வா, இன்னிக்குக் கூட்டம்." கறிக்கடைப் பேச்சே இல்லை.

"சிப்ஸ் குடுத்தாங்கன்னா மறுபடியும் சோபாதாங்க சார். நேத்து சாகப் பாத்துச்சு."

"அப்ப குடுக்கக் கூடாதுன்னு சொல்லு. என்னைய ஏன் பாக்கற?"

பதினொன்றரை. ஒரு சின்னப் பெண், கையில் சிப்ஸ் பாக்கெட். கூடாது கண்ணு என்றேன். அவள் அம்மா: "ஒண்ணே ஒண்ணுதானேங்க. ரூமுக்கு அவ்ளோ வாங்கறீங்க."

"ரூமுக்குத்தாங்க வாங்கறோம். முயல் வயித்துக்கு இல்லீங்க."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பெண் அழ ஆரம்பித்தாள். கவுண்ட்டரிலிருந்து முதலாளி எழுந்தார். துரையும் போச்சு, என் வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

அவர் அந்த அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். தொட்டிக்குள் கைவிட்டார். அடியிலிருந்து ஒரு பிடி சாமைத் தாளை அள்ளினார். "இதைக் குடு சாமி. இதுதான் அதுக்கு ஸ்பெசல்."

அந்தச் சின்னப் பெண் ஒரு தாளை உருவி நீட்டினாள். துரை எட்டி இழுத்தாள். பெண் சிரித்தாள். அம்மா வீடியோ எடுத்தார்.

முதலாளியின் விரலிடுக்கில் இரண்டு புழுக்கை. நான் சொல்லவில்லை.