முருகனுக்கு விட்ட சேவல்

ஆடி 20, செவ்வாய், இரவு

சேவல் இன்று என் மகள் கவிதா மேலேயே பாய்ந்துவிட்டது. துணி காயப்போடப் பின்பக்கம் போனவளின் வயிற்றுக்கு நேராக எகிறியது. ஒன்பது மாதக்காரி. துடைப்பக்கட்டையால் நான் அடித்த அடியில் அது சுருண்டு விழுந்தது.

குஞ்சிலிருந்து மடியில் வைத்துத் தீனி போட்டு வளர்த்தேன். அதற்கு ஆள் பயமே இல்லாமல் போய்விட்டது.

நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் அறையில் தங்கியுள்ள சிவகங்கைப் பெண் ஷிப்ட் முடிந்து வந்தவள், "இன்னும் எதுக்குக்கா வச்சிருக்கீக? குழம்பு வச்சுருங்க," என்றாள். கவிதா பதறிவிட்டாள்.

"அய்யோ, வல்லக்கோட்டை முருகனுக்கு நேந்து வுட்டதாச்சே! கொழந்த நல்லபடியா பொறந்தா கோயில்ல உசுரோட வுடறேன்னு நீதானம்மா வேண்டிக்கினே?"

நான்தான்.

சேவலைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறேன். ஒரு காலை ஊன்ற மாட்டேன் என்கிறது. அரிசியைத் தொடவே இல்லை. ஓ.டி. முடிந்து வந்த என் வீட்டுக்காரர் சேவல் எங்கே என்று கேட்டார். தூங்குகிறது என்றேன்.

சற்று முன் கவிதா இடுப்பு வலிக்கிறது என்றாள். சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் கொடுத்தேன். இன்னும் புரண்டுகொண்டே இருக்கிறாள்.

முருகா, அடித்தது நான். அவள் இல்லை.